பசியாவரத்துப் பெரியவரும் 'இக்திலாத்' பாடமும்

டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பிய பழமையான துறைமுகப் பட்டினம் பழவேற்காடு. முஸ்லிம்களும் மீனவப் பெருமக்களும் தலைமுறை தலைமுறையாக அண்டை அயலாராக வாழ்ந்துவரும் ஊர் அது. அதற்கு எதிரே, ஏரிக்குள் அமைந்த தீவூர்களுள் ஒன்று பசியாவரம். நெடுங்காலம் படகிலேறித்தான் அவ்வூர் மக்கள் பழவேற்காட்டுக் கரைக்கு வந்துபோயினர். பசியாவரத்தில் பிறந்து, பின்னர் மகனுடைய குடும்பத்தோடு எங்கள் தெருவில் குடியேறிய மீனவப் பெரியவர் ஒருவர் எனக்கு அண்டை வீட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் மஃரிபுத் தொழுகைக்கு நான் புறப்பட்ட வேளையில் அவர் என் வாசலில் வந்து நின்றார். "பாய், பசியாவரத்துக்குக் கடைசிப் படகு போயிடுச்சா?" என்று கேட்டார். "என்ன பெரியவரே, இந்தத் தெருவுக்கு வந்து முப்பது வருஷம் ஆச்சே! உங்க வீடு இதோ இருக்கே!" என்று சிரித்தவாறே சொன்னேன். அங்கு நின்ற இளைஞர்களும் சிரித்தனர். பெரியவர் தலைகுனிந்து திரும்பினார். மறுநாளும் அதே கேள்வி. மூன்றாம் நாள் அந்தி மயங்கிய நேரத்தில், துறையில் முழங்கால் அளவு நீரில் நின்றவரைப் படகோட்டி ஒருவர் கைப்பிடித்து அழைத்து வந்தார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடத்தும் பாடமொன்று என்னையே கேள்வி கேட்டது. அதுதான் 'இக்திலாத்' என்னும் பாடம்.

இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ், மறைவு ஹிஜ்ரீ 643 / கி.பி. 1245) ஹதீஸ் கலையை அறுபத்தைந்து வகைகளாகப் பகுத்துத் தம் 'முகத்திமா'வை அமைத்தார். அவற்றுள் அறுபத்திரண்டாம் வகை, நம்பகமான அறிவிப்பாளர்களாக விளங்கி, வாழ்நாளின் இறுதியில் நினைவு குழம்பியவர்களைப் பற்றியது. அக்குழப்பத்திற்கே 'இக்திலாத்' என்று பெயர். அதற்குக் காரணம் எல்லாரிடத்தும் ஒன்றன்று. சிலருக்கு முதுமைத் தளர்ச்சி, சிலருக்குப் பார்வையிழப்பு, சிலருக்கு ஏடுகளின் அழிவு. எனவே அவர்கள் அனைவரையும் இன்றைய மருத்துவம் கூறும் மறதிநோயாளர் என்று கொள்வது தவறாகும். ஆயினும் முதுமையில் அறிவு தளரும் என்பதனை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். அறிந்திருந்தபின் எதுவுமே அறியாத நிலைக்கு முதுமை மனிதனைக் கொண்டுசெல்லக்கூடும் என்பதைத் திருக்குர்ஆனும் அந்நஹ்ல் அத்தியாயத்தின் 70-ஆம் வசனத்தில் சுட்டுகின்றது.

ஹதீஸ் அறிஞர்கள் இந்நிலையை எவ்வாறு கையாண்டனர் என்பதே ஈண்டு நாம் கருதத்தக்கது. கூஃபாவின் அதா பின் அஸ்ஸாயிப் (மறைவு ஹிஜ்ரீ 136) இறுதிக்காலத்தில் குழம்பினார். அதனால் அவரை அறிஞர்கள் முற்றாக ஒதுக்கிவிடவில்லை. சுஃப்யான் அஸ்ஸவ்ரீ போன்றோர் அவரிடம் முற்காலத்தில் கேட்டவற்றை ஏற்றனர். பிற்காலத்தில் கேட்டோரின் அறிவிப்புகளைத் தனியே பிரித்தனர். பஸ்ராவின் ஸயீத் பின் அபீ அரூபாவுக்கு (மறைவு ஹிஜ்ரீ 156) எப்போது குழப்பம் தொடங்கியது என்பதை ஆராய்ந்தோர், பஸ்ராவிலிருந்து எழுந்த இப்ராஹீம் பின் அப்துல்லாஹ்வின் கிளர்ச்சி ஹிஜ்ரீ 145-இல் முறியடிக்கப்பட்ட நிகழ்ச்சியை ஓர் எல்லைக்கல்லாகக் கொண்டனர். ஒருவரின் தளர்ச்சி தொடங்கிய காலத்தைக் குறித்து வைத்தமையால், அவருடைய முந்தைய உழைப்பு அனைத்தும் காக்கப்பட்டது. தளர்ச்சி ஒருவரின் கடந்தகால மதிப்பை அழித்துவிடாது என்பதே இதன் உட்கருத்து.

இவற்றினும் என் நெஞ்சைத் தொட்டது பஸ்ராவைச் சேர்ந்த ஜரீர் பின் ஹாஸிம் (ரஹ்; மறைவு ஹிஜ்ரீ 170 / கி.பி. 786) அவர்களின் வரலாறு. அவருக்கு நினைவு குழம்பியதை அவருடைய மக்கள் உணர்ந்தனர். அவர்களும் ஹதீஸ் கலை பயின்றவர்கள். உடனே தந்தையை மக்கள் கூடும் அவையிலிருந்து மறைத்துக் காத்தனர். ஆகவே குழம்பிய நிலையில் அவரிடமிருந்து யாரும் எதையும் கேட்கவில்லை என்று இமாம் அப்துர் ரஹ்மான் பின் மஹ்தீ (ரஹ்) தெரிவிக்கின்றார். இக்குழப்பம் அவருடைய அறிவிப்புகளுக்கு ஊறு செய்யாமற் போனதற்கு அம்மக்களின் விழிப்பே காரணம். அவர்கள் தந்தையைத் திருத்த முற்படவில்லை. நகைப்புக்கு இடமாக்கவும் இல்லை. அவருக்கும் அவரால் பிறருக்கும் தீங்கு நேராதவாறு அரணாக நின்றனர்.

நானோ அந்தப் பெரியவரைத் தெருவில் வைத்துத் திருத்தியவன்!

சட்டக்கலையும் இந்நிலையைக் கவனித்துள்ளது. அறிவு தளர்ந்து, பேச்சுக் குழம்பி, காரியங்களைச் சீராக நடத்த இயலாதவரை ஹனஃபீ சட்ட அறிஞர்கள் 'மஅதூஹ்' என்றனர். 1869-க்கும் 1876-க்கும் இடையில் உஸ்மானியப் பேரரசு தொகுத்த 'மஜல்லா' சட்டநூலும் இச்சொல்லுக்கு விளக்கம் தந்தது. கொடுக்கல் வாங்கலில் இவர், விவரமறிந்த சிறுவனின் நிலையில் வைக்கப்பட்டார். இவருக்கு முழுவதும் நன்மையானது செல்லும். முழுவதும் தீமையானது செல்லாது. இரண்டுக்கும் இடைப்பட்டது காப்பாளரின் இசைவைப் பொறுத்தது. இதிலிருந்து அண்டை வீட்டார்க்கும் ஒரு பாடம் உண்டு: இத்தகையவரின் கைரேகை வேண்டி யாரேனும் பத்திரத்துடன் வந்தால், அதற்குச் சாட்சியாக நிற்பதற்கு முன் நூறு முறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அண்டை வீட்டாரின் உரிமை சமயம் பார்த்து வருவதன்று. தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, அண்டையிலிருந்த யூதருக்குக் கொடுத்தீர்களா என்று அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) வினவிய செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. பங்குக்கறிக்கே இவ்வளவு அக்கறை என்றால், வழிதவறி நீரில் இறங்கும் முதியவருக்கு எவ்வளவு அக்கறை வேண்டும்!

இன்றைய மருத்துவம் இப்பாதையில் வெகுதொலைவு வந்துவிட்டது. 1906-இல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் தாம் கண்ட நோயை அறிஞர் அவையில் விளக்கினார். 1910-இல் கிரெபெலின் அதற்கு அவர் பெயரையே சூட்டினார். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர்க்கெனத் தனி மருத்துவப் பிரிவை 1978-இல் தொடங்கியவர் டாக்டர் வி.எஸ். நடராசன். சென்னையை அடுத்த திருப்போரூர்ப் பகுதியில் நடைபெற்ற ஆய்வு 1997-இல் வெளிவந்தது. அறுபது வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு மூன்றரைப் பேர் அளவில் மறதிநோய் காணப்பட்டதை அது உணர்த்தியது. 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வோ, இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. முதியோர்க்கெனவே அமைந்த தேசிய மருத்துவமனை 2024-இல் சென்னை கிண்டியில் திறக்கப்பட்டது.

இன்னொன்றும் மனத்திற் கொள்ளத்தக்கது. குழப்பம் எல்லாம் மறதிநோயன்று. ஓரிரு நாளில் திடீரெனத் தோன்றும் குழப்பம் சிறுநீர்த் தொற்று, சர்க்கரைக் குறைவு, நீரிழப்பு, மருந்துகளின் விளைவு ஆகியவற்றால் நேரலாம்; அதற்கு உடனடி மருத்துவம் தேவை. மெல்ல வளரும் மறதியிலும் தைராய்டுக் குறைபாடு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு, காது மந்தம் எனத் தீர்க்கத்தக்க காரணங்கள் மறைந்திருக்கலாம். ஆகவே "வயசானா அப்படித்தான்" என்று சொல்லிவிடுவது அறிவுடைமையாகாது.

ஜரீரின் மக்களிடம் கற்ற பாடத்தை நான் தாமதமாகவே செயற்படுத்தினேன். முதலில், பெரியவரிடம் கண்ட மாற்றங்களை நாளும் நேரமும் இட்டு ஒரு தாளில் குறித்தேன். பிறகு அவருடைய மகனை, தெருவில் அன்று, தனியே அழைத்துச் சொன்னேன். அவர் முதலில் முகம் சுளித்தார். தாளைப் படித்தபின் அமைதியானார். மருத்துவரிடம் அத்தாள் பெரிதும் பயன்பட்டதாகப் பின்னர்க் கூறினார். மருத்துவர் மறதிநோயின் தொடக்கம் என்றே கருதினார். படகோட்டிகளிடம், பெரியவரைத் தனியே படகில் ஏற்ற வேண்டா என்று சொல்லிவைத்தோம். அவருடைய சட்டைப்பையில் மகனின் தொலைபேசி எண் எழுதிய அட்டை ஒன்று வைக்கப்பட்டது. துணையின்றித் தவிப்போர்க்கு, முதியோர் உதவிக்கென நடுவண் அரசு ஏற்படுத்திய 14567 என்னும் எண் உண்டு.

இப்போதும் சில மாலைகளில் அவர் அதே கேள்வியுடன் வருகிறார். கடைசிப் படகு போய்விட்டது என்றோ, இதோ வருகிறது என்றோ பொய் சொல்ல என் நாவு எழுவதில்லை, திருத்துவதையும் விட்டுவிட்டேன். "பசியாவரத்துல அந்தக் காலத்துல எறா எப்படிப் பட்டுச்சு, பெரியவரே?" என்று கேட்கிறேன். அவர் திண்ணையில் அமர்ந்து வலையையும் காற்றையும் பற்றிப் பேசத் தொடங்குகிறார். அந்தப் பேச்சில் குழப்பம் ஏதும் இல்லை. முற்காலத்தில் கேட்டவை ஏற்கத்தக்கவை என்று இமாம்கள் வகுத்த விதி அப்போது என் நினைவுக்கு வருகிறது. பாங்கு ஒலிக்கும் முன்பே அவருடைய மருமகள் வந்து, "வாங்க மாமா, சாப்பிடலாம்" என்று கைப்பிடித்து அழைத்துச் செல்கிறார்.