யன்னல் வைக்கச் சொல்லும் சட்டம் எங்கிருந்து வந்தது?

கொஞ்சம் நீளமான பதிவு. வீடு கட்டுகிறவர்களும் இருக்கிற வீட்டோடு ஒரு அறை கூட்டிக் கட்ட நினைக்கிறவர்களும் நேரம் எடுத்து வாசியுங்கள்.

பிரதேச சபைக்கு வீட்டுப் பிளான் கொடுத்தால், பின்பக்கம் இடம் விடு, யன்னல் போதாது, மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து தள்ளி வை என்று திருப்பி அனுப்புவார்கள். "என்ர காணி, என்ர காசு, இவைக்கு என்ன?" என்ற பேச்சு எங்கள் ஊரில் வழமை. ஆனால் இந்த விதிகளுக்கு வயது நூறுக்கு மேல். அவை பிறந்தது ஒரு கொள்ளைநோயில்.

1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. நோய் அழுக்கிலிருந்தும் கெட்ட காற்றிலிருந்தும் வருகிறது என்பதே அன்று பலரின் நம்பிக்கை. அதனால் அதிகாரிகள் வீடு வீடாகப் புகுந்தார்கள். புனேயில் அந்தச் சோதனைக்குப் பட்டாளத்தையே இறக்கினார்கள். சனம் நோயாளிகளை ஒளித்து வைத்தது, மையித்துகளைக் கூட மறைத்தது. 1897 ஜூனில் அங்கே பிளேக் அதிகாரியாக இருந்த ராண்ட் சுடப்பட்டார். பயத்தில் சனம் ஒளித்தால் நோய் இன்னும் பரவும் என்பதை அரசு விளங்கிக்கொண்டு தன் போக்கைத் தளர்த்தியது அதற்குப் பிறகுதான்.

1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் உருவானது. நெருக்கமான குடியிருப்புகளை இடித்துத் தெருக்களை அகலமாக்கியது. அதன் தலைவராக இருந்த ஓர் என்பவர் வலியுறுத்திய விதி ஒன்று உண்டு: 63½ பாகை விதி. கணக்குப் பாடம் மறக்காதவர்களுக்குத் தெரியும், அந்தக் கோணத்தின் தான்சன் ஏறத்தாழ 2. அதாவது முன்னால் உள்ள வெளியின் அகலத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் கட்டடம் உயரக்கூடாது. அப்போதுதான் கீழ் அறைக்கும் வெளிச்சம் வரும். இதே கோணம் இலங்கையின் கட்டட விதிகளிலும் இருக்கிறது. ஆனால் டிரஸ்ட் இடித்த அளவுக்கு வீடு கட்டிக் கொடுக்கவில்லை. வெளியேற்றப்பட்ட கூலித் தொழிலாளர்கள் பக்கத்துத் தெருவில் இன்னும் நெருக்கமாகக் குடியேறினார்கள்.

பம்பாய்ச் செய்தி கேட்டு இலங்கை அரசு 1897இலேயே தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டு வந்தது. ஆனாலும் 1914இல் பிளேக் கொழும்புக்கு வந்துவிட்டது. அரிசிக் களஞ்சியங்களும் ஆட்களும் எலிகளும் ஒன்றாகக் கிடந்த புறக்கோட்டைப் பக்கம்தான் அடி விழுந்தது. அடுத்த ஆண்டு 1915. அந்த ஆண்டு என்றதும் எங்கள் ஆட்களுக்குக் கலவரம்தான் ஞாபகம் வரும். அதே ஆண்டில்தான் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் வந்தது. அனுமதி பெற்ற பிளான் இல்லாமல் கட்டக்கூடாது, கட்டி முடித்துச் சான்றிதழ் பெறாமல் குடிபுகக்கூடாது என்றது அந்தச் சட்டம். இன்று பிரதேச சபையில் நீங்கள் கேட்கும் இணக்கச் சான்றிதழின் வேர் அதுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிளேக்கைப் பரப்புவது கெட்ட காற்றல்ல, எலித் தெள்ளு. போல்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898இல் கராச்சியில் அதைக் கண்டறிந்தார். அப்படியென்றால் யன்னல் வைத்துப் பிளேக்கைத் தடுக்க முடியாது. ஜாவாவில் ஒல்லாந்தர் நோயின் வழியை அறிந்து வேலை செய்தார்கள். 1911இல் பிளேக் வந்தபின், எலி கூடுகட்டிய மூங்கில் குழல்களை அகற்றும் விதமாகப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளைத் திருத்தினார்கள். ஆனால் யன்னல் விதி வீண் போகவில்லை. காசநோய்க்கு அது உதவியது. நூறு வருடம் கழித்துக் கொரோனாவுக்கும் உதவியது.

இடிப்பதைத் தவிர வேறு வழியே இல்லையா என்று கேட்டவரும் இருந்தார். பற்றிக் கெடிஸ் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1914, 1915இல் சென்னை மாகாணத்தில் மதுரை, தஞ்சாவூர் போன்ற ஊர்களை நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். தெருவையே இடிக்க வேண்டாம், பழுதான ஒன்றிரண்டு கட்டடங்களை மட்டும் எடுத்து வெளியும் மரமும் உண்டாக்குங்கள் என்பது அவர் சொன்ன வழி. 1921இல் கொழும்புக்கும் திட்டம் வரைந்தார்.

இனி எங்கள் பக்கம் வருவோம். நெருக்கம் என்ன செய்யும் என்று வன்னிச் சனத்துக்குப் புத்தகத்தில் வாசிக்கத் தேவையில்லை. 2009இல் செட்டிகுளம் மெனிக்பாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடாரங்களில் அடைபட்டிருந்தார்கள். ஒருவருக்கு ஆகக் குறைந்தது 3.5 சதுர மீற்றர் கூரையுள்ள இடம், 20 பேருக்கு ஒரு மலசலகூடம் என்பது இடம்பெயர்ந்தோருக்கான சர்வதேச அளவுகோல். அந்த முகாம்களில் கொப்புளிப்பானும் செங்கண்மாரியும் பரவியதை அங்கே இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். வீட்டுச் சுவரைச் சோதிக்க நூறு வருடச் சட்டம் இருந்தது. அரசே அமைத்த முகாமுக்கு அந்த அளவைப் பிடித்துப் பார்க்க ஆளில்லை.

மீள்குடியேறியபின் இந்திய வீட்டுத்திட்டத்தில் 550 சதுர அடி வீடுகள் வந்தன. பிள்ளைகள் வளர, பின்னால் தகரக் கொட்டில், பக்கத்தில் யன்னல் இல்லாத அறை என்று பல வீடுகள் நீண்டுவிட்டன. 2017இல் நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு. பி.எச்.ஐ. மார் முதலில் தேடிப்போனது கட்டுமான இடங்களை. அரைகுறைத் தொட்டியிலும் கொங்கிறீற் தட்டிலும் தண்ணீர் தேங்கும். 2020இல் கொரோனா வந்தபோது அதே 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான் புதிய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளிவந்தன. "தனி அறையில் இருங்கள்" என்று சொல்வது சுலபம். ஆறு பேருக்கு இரண்டு அறை உள்ள வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது?

நான் சொல்ல வந்தது இரண்டு விடயம்தான். ஒன்று எங்களுக்கு. அந்த யன்னலும் பின்வெளியும் கிணற்றுத் தூரமும் யாரோ ஒரு கிளாக்கர் எங்களை அலைக்கழிக்கக் கண்டுபிடித்தவை அல்ல. செத்தவர்களின் கணக்கிலிருந்து வந்தவை. மேசனுக்குக் கூலி பேசும்போதே யன்னலையும் பேசிவிடுங்கள். மற்றது சபைக்கும் அதிகாரிகளுக்கும். தண்டப்பணமும் இடிப்பும் மட்டும் கையில் இருந்தால் சனம் ஒளிக்கும், புனேயில் ஒளித்தது போல. இல்லாதவனுக்கு எப்படித் திருத்தலாம் என்று சொல்லிக்கொடுங்கள். இலவசமாக ஒரு மாதிரிப் பிளான் கொடுங்கள். அடுத்த நோய் வரும்போது கதவைத் தட்டுகிறவரை நம்பித் திறக்கும் ஊராக இது இருக்கட்டும்.