நந்தா விளக்கும் வட்டிக் கணக்கும்

போளூரை அடுத்த திருமலைக்குச் செல்லும் நம்மவர் சிகாமணிநாதரை வணங்கித் திரும்பிவிடுகின்றனர். அங்குள்ள கல்வெட்டுகளை நின்று நோக்குவோர் சிலரே. முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று, மல்லியூர் வணிகன் நன்னப்பயன் மனைவி சாமுண்டப்பை என்பாள் குந்தவை சினாலயத்தில் நந்தா விளக்கெரிக்க 20 காசும், திருவமுதுக்கு 10 காசும் அளித்த செய்தியைக் கூறுகின்றது.

விளக்கோ சந்திரனும் சூரியனும் உள்ளவரை எரிதல் வேண்டும். எண்ணெய் வாங்கத் தொடங்கினால் 20 காசு எத்துணை நாள் நிற்கும்? இத்தகைய கொடைப்பொருளைச் செலவிடாமல் ஊராரிடமோ வணிகரிடமோ முதலாக ஒப்படைத்து, அதன் பொலிசையைக் கொண்டு அறம் நடத்துவது அந்நாளைய பொதுவழக்கு. பொலிசை என்பது வட்டி. ஆடு கொடுத்தவிடத்தும் இதே முறைதான். சோழநாட்டில் விளக்கொன்றுக்கு 96 ஆடுகள். நாள்தோறும் உழக்கு நெய். மூத்தவை கழியினும் குட்டிகள் ஈடுசெய்தலின் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். முதல் வேறு, அதன் வரவு வேறு என்பதை இதனினும் எளிதாக நான் வகுப்பறையில் விளக்கியதில்லை.

வட்டிக் கணக்கை நூலாக வகுத்தவருள் நம் சமயத்தார் ஒருவர் உளர். இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மகாவீராசாரியர் அவர். அவரது கணிதசார சங்கிரகம் 1912இல் அரங்காசாரியரின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் சென்னையில் அச்சேறியது. முதலும் வட்டியும் கலந்த தொகையிலிருந்து முதலைப் பிரித்தறியும் முறை அதில் உண்டு. நூற்றுக்குத் திங்கள் 2 ரூபாய் வட்டியில் ஓராண்டுக்குப்பின் 620 ரூபாய் கைக்கு வந்தது எனக் கொள்வோம். ஒரு ரூபாய் ஓராண்டில் 1 ரூபாய் 24 காசாகும். 620ஐ அதனால் வகுக்க, முதல் 500. எண்கள் யான் அமைத்தவை, முறை அவருடையது.

துறவறம் போற்றும் சமயத்துக்கு இக்கணக்கு எதற்கு என்று சிலர் வினவலாம். இல்லறத்தார்க்குரிய அணுவிரதம் ஐந்தனுள் ஒன்று பரிக்கிரக பரிமாணம். நிலம், மனை, பொன், தானியம் என வகைப்படுத்தி, இவ்வளவே போதும் என எல்லை வகுத்துக்கொள்வது அது. தமக்குள்ளதையும் தாம் பட்ட கடனையும் எழுதிப் பாராதவர் எவ்வாறு எல்லை வகுப்பார்?

நம் சிற்றூர்களில் இன்றும் 'இரண்டு வட்டி', 'மூன்று வட்டி' என்பன திங்கள் கணக்கு. வங்கி சொல்வதோ ஆண்டுக் கணக்கு. 12ஆல் பெருக்கினாலன்றி இரண்டையும் ஒப்பிட இயலாது. உழவரான என் உறவினர் ஒருவர், வங்கியில் பன்னிரண்டு என்றும் வெளியில் மூன்று என்றும் கேட்டு, மூன்றே குறைவு என நம்பிப் புரோநோட்டில் கையெழுத்திட்டார். அந்த மூன்று ஆண்டுக்கு 36 ஆகும். ஒன்றும் கட்டாதிருந்தமையால் 34ஆம் திங்களில் வட்டி முதலை விஞ்சிற்று. பின்னர் ஏரிக்கரை நிலம் கைமாறிற்று. பத்திரப்பதிவு முடிந்த மாலையில்தான் ஒரு தாளில் இக்கணக்கை அவருக்குப் போட்டுக் காட்டினேன். அதற்குமுன் அவர் என்னிடம் கேட்கவில்லை. யானும் அவரிடம் கேட்டதில்லை.