மதுரை மாவட்ட உணவுப் பாதுகாப்பு நிர்வாகம்

மதுரை மாவட்ட உணவுப் பாதுகாப்பு நிர்வாகம், தமிழ்நாடு உணவுப் பாதுகாப்பு மற்றும் மருந்து நிர்வாகத் துறையின் மாவட்டப் பிரிவாகும். பசுமலை, திருப்பரங்குன்றம் உள்ளிட்ட நகரப் பகுதிகளிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் உணவுத் தயாரிப்பையும் விற்பனையையும் கண்காணிக்கிறது.

வரலாறு

சென்னை மாகாணத்தில் கலப்படத் தடுப்புச் சட்டம் 1918இல் இயற்றப்பட்டது. நாடு முழுமைக்குமான உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் 1954இல் வந்தது. அப்போது உணவு ஆய்வாளர்கள் உள்ளாட்சிகளின் சுகாதாரப் பிரிவில் பணியாற்றினர்; சிறு குறையானாலும் வழக்கு குற்றவியல் நீதிமன்றத்துக்கே சென்றது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006, நடைமுறைக்கு வந்த 2011 ஆகஸ்ட் 5 முதல் இந்த ஏற்பாடு மாறியது.

அமைப்பு

மாநிலத்துக்கு ஆணையர், மாவட்டத்துக்கு நியமன அலுவலர், அவருக்குக் கீழ் உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் என்பது நிர்வாக வரிசை. 2011ஆம் ஆண்டு விதிமுறைகள், ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட டீக்கடை, தள்ளுவண்டி போன்றவற்றுக்கு 100 ரூபாய் ஆண்டுக் கட்டணத்தில் பதிவுச் சான்றிதழ் போதும் என்றன. அவற்றின்படி அதற்கு மேற்பட்டவற்றுக்கு உரிமம் தேவைப்பட்டது. ரயில் நிலையக் கடைகளை ரயில்வேயின் சொந்த அலுவலர்கள் கவனிக்கின்றனர்.

மாதிரியும் தண்டனையும்

சட்டப்படி எடுக்கும் மாதிரி நான்காகப் பிரிக்கப்படும். ஒரு பகுதி உணவுப் பகுப்பாய்வாளருக்கும் இரண்டு பகுதிகள் நியமன அலுவலருக்கும் செல்லும். வணிகர் கேட்டால் நான்காவது பகுதி அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பப்படும். அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்களில் ஒன்று மதுரையிலேயே உள்ளது. அறிக்கை 14 நாட்களில் வர வேண்டும். அதை எதிர்த்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். 'தரம் குறைந்தது' என்றால் 5 லட்சம், 'தப்புக்குறியிட்டது' என்றால் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். இவற்றை மாவட்ட வருவாய் அலுவலர் விசாரிக்கிறார். 'பாதுகாப்பற்ற' உணவு வழக்குகள் நீதிமன்றம் செல்லும். உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம்.

களப்பணி

மாம்பழப் பருவத்தில் பழச் சந்தைகளில் கார்பைடு கல் சோதனை நடக்கும். கல் வைத்துப் பழுக்க வைப்பது தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயு 100 பிபிஎம் வரை அனுமதிக்கப்படுகிறது. சித்திரைத் திருவிழாவின்போது அன்னதானம், நீர்மோர் வழங்குவோரும் பதிவு செய்யுமாறு அறிவுறுத்தப்படுகின்றனர்.

தடை அதிகாரம்

பொதுநலன் கருதி ஆணையர் ஓர் உணவுப் பொருளை அதிகபட்சம் ஓராண்டுக்குத் தடை செய்யலாம். பச்சை முட்டை மயோனைஸ் 2025 ஏப்ரலில் இவ்வாறு தடை செய்யப்பட்டது. குட்கா தடை 2013 முதல் ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட்டது. தற்காலிக அதிகாரத்தை நிரந்தரத் தடையாக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் அதை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்புக்கு உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஏப்ரலில் இடைக்காலத் தடை விதித்தது.