தறியில் அடகு போன பிள்ளைகள்



மே மாதம் முதல் நாள், தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாள். 1955-இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் இதை ஏற்படுத்தினார். இத்திருநாளை ஒட்டி, நம் வீட்டுக் கல்யாணங்களுக்குப் பட்டு தருகிற காஞ்சிபுரத்தின் வரலாற்றில் ஒரு பகுதியை இன்று சிந்திப்போம்.

காஞ்சி நெசவாளர்கள் ஊர் மதித்த மக்கள். 10ஆம் நூற்றாண்டில் உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று, அந்நகரின் நெசவாளர் சேரிகளைச் சேர்ந்தவர்களிடம் ஒரு கோயிலின் நிர்வாகத்தை மேற்பார்க்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதைச் சொல்கிறது. அவ்வளவு மதிப்பிருந்த தொழிலில், பிற்காலத்தில் பிள்ளைகள் அடகுப் பொருளானது எப்படி?

காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை. புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டையும் நெய்யும்போதே கோத்துவிடுவார்கள். அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். குழியில் உட்கார்ந்து நெய்பவர் ஒருவராலேயே மூன்றையும் ஓட்ட முடியாது. பக்கத்தில் ஒருவர் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். அந்த இடத்தில்தான் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகள் உட்கார்ந்தார்கள்.

பெற்றோர் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். பட்டும் சரிகையும் முதலாளி கொடுப்பார். புடவை முடிந்தால்தான் கூலி. மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஊறும், தெருவில் பாவு போட முடியாது, வேலை நிற்கும். அப்போது வாங்குவது முன்பணம். அதற்கு ஈடாகப் பிள்ளை தறியேறும். முன்பணத்தை மொத்தமாகத் திருப்பிக் கொடுக்கும்வரை அந்தப் பிள்ளைக்கு விடுதலை இல்லை.

சட்டங்கள் வந்தன. 1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம். ஆனால் 1986 சட்டம், குடும்பத்தார் சேர்ந்து வீட்டில் செய்யும் வேலைக்கு விலக்கு அளித்தது. காஞ்சியில் தறி இருந்ததோ வீட்டுக்குள்ளே! வெளியே நின்று பார்ப்பவருக்கு மகன் யார், அடகு வந்த பிள்ளை யார் என்று எப்படித் தெரியும்? ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-இல் வெளியிட்ட அறிக்கை, காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் கொத்தடிமைப் பிள்ளைகள் இருந்ததை உலகுக்குச் சொன்னது.

பிறகு சோதனைகள் நடந்தன. தறியிலிருந்து மீண்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. சத்துணவு அவர்களைப் பள்ளியில் இருத்தியது. 2016-இல் சட்டம் திருத்தப்பட்டு, 14 வயதுக்குட்பட்டோரை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்றானது. அப்போதும், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற வாசல் திறந்தே இருக்கிறது.

"சின்ன வயதில் தொழில் கற்பது நல்லதுதானே?" என்று சிலர் கேட்பதுண்டு. நம் ஆண்டவரும் யோசேப்பிடம் தச்சுவேலை கற்றார். ஆனால் யோசேப்பின் கடனுக்காக அவர் எவரிடமும் அடகு வைக்கப்படவில்லை. தொழில் கற்பது வேறு, கடனுக்கு ஈடாவது வேறு.

திருத்தந்தை 13ஆம் லியோ 1891-இல் எழுதிய 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல், உடலும் மனமும் முதிராத பிள்ளைகளைத் தொழிற்கூடங்களுக்கு அனுப்ப வேண்டாம் என எச்சரித்தது. அதே மடல், உழைப்பவரும் அவர் குடும்பமும் கண்ணியமாய் வாழப் போதுமான கூலியையும் கேட்டது. இவ்விரண்டும் பாவும் ஊடையும் போல. தகப்பனுக்கு நியாயமான கூலி இல்லாத வீட்டில், பிள்ளையின் பள்ளிப் பை நிலைக்காது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பட்டும் சரிகையும் கொடுத்து, கூலியோடு சேமிப்புக்கும் வழி செய்தது இதனால்தான் முக்கியம்.

இன்று பல வீடுகளில் பிள்ளை எழுந்துபோன அந்த இடத்தில் மனைவி அமர்கிறார். கூலி புடவைக்குத்தான், அவருடைய உழைப்புக்குத் தனிக் கணக்கில்லை.

அன்பர்களே, கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடு என்று இணைச்சட்ட நூல் 24ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. புடவை வாங்கும்போது விலையைக் குறைக்கப் பேசுகிறோம். நெய்தவருக்கு என்ன கூலி கிடைத்தது என்றும் ஒருமுறை கேட்போம். நம் வீட்டில், கடையில், பட்டறையில் வேலை செய்பவரை முன்பணத்தால் கட்டிப்போடாதிருப்போம். உழைப்பாளியான புனித யோசேப்பு நமக்காக வேண்டிக்கொள்வாராக. ஆமென்.