ஆளில்லா வானூர்திக்கும் ஒரு சாலை விதி

இரண்டாம் உலகப் போர் இன்னும் முடியாத வேளை அது. 1944 டிசம்பரில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் 50க்கும் மேற்பட்ட நாடுகளின் பேராளர்கள் விமானப் போக்குவரத்து குறித்து ஓர் உடன்பாடு கண்டனர். அதன் 8ஆவது விதி ஆளில்லா வானூர்தி பற்றியது. ஒரு நாட்டின் சிறப்பு அனுமதி இல்லாமல், விமானி இல்லாத விமானம் எதுவும் அந்நாட்டின் வானில் பறக்கக் கூடாது என்றது அவ்விதி. இன்றைய சட்டங்களுக்கெல்லாம் அதுவே வித்து.

எனினும் வானில் ஒழுங்கு வர, உயிர்ப்பலி தேவைப்பட்டது. 1956 ஜூன் 30ஆம் தேதி, அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் மேல் இரண்டு பயணிகள் விமானங்கள் மோதின. 128 பேரும் மாண்டனர். அப்பகுதியில் விமானிகள் கண்ணால் பார்த்து விலகிக்கொள்வதே அன்றைய வழக்கம். இந்த விபத்துக்குப் பிறகுதான், 1958ல் அமெரிக்கா தனது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டைப் புதிய சட்டத்தின் மூலம் வலுப்படுத்தியது.

ஆளில்லா வானூர்தியிலோ பார்ப்பதற்குக் கண்ணே இல்லை. 2018 டிசம்பரில் லண்டனின் கேட்விக் விமான நிலையத்தில் வானூர்தி தென்பட்டதாகத் தகவல் வந்ததும், ஏறத்தாழ 1,000 விமானச் சேவைகள் ரத்தாயின அல்லது திசைதிருப்பப்பட்டன. சுமார் 140,000 பயணிகள் தவித்தனர். காரணமானவர் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. 2020ல் காவல்துறை விசாரணையை முடித்துக்கொண்டது.

சிங்கப்பூர் 2015லேயே தனிச் சட்டம் இயற்றியது. விமான நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள்ளோ 200 அடி உயரத்துக்கு மேலோ பறக்கவிட அனுமதி கட்டாயமானது. ஆனாலும் 2019 ஜூன் மாதம் சாங்கி விமான நிலையத்துக்கு அருகே வானூர்திகள் புகுந்தன. 18, 19 தேதிகளில் 37 விமானச் சேவைகள் தாமதமாயின. 24ஆம் தேதி மேலும் 18 தாமதமாயின, 7 திசைதிருப்பப்பட்டன. சட்டம் இருந்தது, பறக்கவிட்டவர் யார் என்று அறிய வழிதான் இல்லை.

அந்தக் குறையைப் போக்க, 250 கிராமுக்கு மேற்பட்ட வானூர்திகளைப் பதிவுசெய்வது 2020ல் கட்டாயமாக்கப்பட்டது. கனமானவற்றை இயக்குவோருக்கு 2021ல் பயிற்சியும் உரிமமும் வந்தன. 2025 டிசம்பர் 1 முதல், பறக்கும்போதே தன் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் வானொலி அலையில் அறிவிக்கும் கருவியும் தேவைப்படுகிறது.

அடுத்த கட்டம் போக்குவரத்து மேலாண்மை. ஆயிரக்கணக்கான வானூர்திகளோடு கட்டுப்பாட்டுக் கோபுர அதிகாரி ஒவ்வொன்றாகப் பேச முடியாது. அதனால்தான் அமெரிக்காவின் நாசா அமைப்பு, பயணத் திட்டங்களைக் கணினிகளே தமக்குள் பரிமாறிக்கொண்டு பாதையைப் பிரித்துக் கொடுக்கும் முறையை ஆராய்ந்தது.

ஒன்றை மறக்கலாகாது. பதிவும் கருவியும் விதியை மதிப்பவரையே முதலில் காட்டிக்கொடுக்கும். மறைந்து பறக்கவிடுபவரைப் பிடிக்கத் தனி விழிப்பு வேண்டும். 1956ல் 128 உயிர்கள் போன பிறகே பாடம் கற்றது உலகம். இம்முறை வெள்ளம் வருமுன் அணை போட வாய்ப்பு இருக்கிறது.