நொய்யலும் சீதலக்ஷ்யாவும்

பங்களாதேஷுக்கு மட்டும் பனியனுக்கு இவ்வளவு குறைந்த விலை எப்படிக் கட்டுப்படியாகிறது என்று திருப்பூரில் கேட்டால், அங்கே கூலி குறைவு என்பார்கள். பாதி உண்மைதான். மீதிப் பாதிக்கு, பங்களாதேஷ் போரில் பிறந்த 1971 டிசம்பருக்குப் போக வேண்டும்.

திருப்பூருக்கு அங்கே சரியான ஜோடி நாராயண்கஞ்ச். டாக்காவை ஒட்டி, சீதலக்ஷ்யா ஆற்றங்கரையில், முன்பு சணலுக்குப் பேர்போன ஊர், இப்போது பின்னலாடை. திருப்பூரின் நொய்யலைப் போலவே அந்த ஆறும் சாயக்கழிவைச் சுமக்கிறது.

திருப்பூரும் பங்களாதேஷும் ஆடை ஏற்றுமதியில் கால்வைத்தது ஏறக்குறைய ஒரே சமயம். உள்நாட்டுக்குப் பனியன் தைத்துப் பழகியிருந்த திருப்பூருக்கு 1978-இல் வெரோனா என்ற இத்தாலி வியாபாரி வந்தார், ஏற்றுமதி பிடித்துக்கொண்டது. பங்களாதேஷில் கதை வேறு. 1974-இல் வந்த பல்லிழை ஒப்பந்தம் மேலை நாடுகளுக்குப் போகும் தென்கொரியத் துணிக்குக் கோட்டா போட்டது. கோட்டா இல்லாத நாட்டைத் தேடிய தென்கொரிய டேவூ நிறுவனம், போரில் நொறுங்கிக் கிடந்த பங்களாதேஷில் தேஷ் கார்மென்ட்ஸுடன் கைகோத்தது. 1979-இல் 130 பேரைத் தென்கொரியாவின் பூசானுக்கு அழைத்துப்போய்த் தையல் கற்றுக்கொடுத்தது.

பங்களாதேஷின் வறுமையே பிறகு சலுகையாக மாறியது. 1975-இல் ஐ.நா.வின் மிகப் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் பங்களாதேஷ் சேர்ந்தது. 2001 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த நாடுகளின் சரக்குக்கு, ஆயுதம் தவிர மற்ற எல்லாவற்றுக்கும், வரியை நீக்கிவிட்டது. இந்திய டி-ஷர்ட்டுக்கோ சுமார் 10 சதவீத வரி இருந்தது. பீஸுக்கு ஐந்து காசு, பத்து காசு என்று பையரோடு மல்லுக்கட்டும் தொழிலில் இது ஆர்டரே கைமாறும் தொகை. 2013-இல் அங்கே ராணா பிளாசா ஆடைத் தொழிற்கூடக் கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தபோது, இனி ஆர்டரெல்லாம் இங்கே திரும்பும் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. கணக்கே அசிங்கம், பலிக்கவும் இல்லை. பங்களாதேஷ் பிரதமர் ஷேக் ஹசீனாவின் ஆட்சி கவிழ்ந்த 2024 ஆகஸ்டிலும் அதே எதிர்பார்ப்பு. கொஞ்சம் வந்தது.

இந்தியா பெரிய நாடு, யார் பக்கமும் முழுதாகச் சாயாத நாடு. தில்லிக்கு அது பெருமை. திருப்பூருக்குச் சில சமயம் செலவு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 25 சதவீத வரி போட்டது. ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்காக இன்னொரு 25. பங்களாதேஷுக்கு அப்போது 20 தான். எண்ணெய்க்கும் ஜட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை அமெரிக்காவுக்கு அனுப்பும் ஊருக்குச் சம்பந்தம் இருந்தது. ஆறுதலுக்கு, அதற்கு முந்தைய மாதம்தான் பிரிட்டனோடு வரியில்லா ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. பங்களாதேஷ் அந்த ஐ.நா. பட்டியலிலிருந்து வெளியேற 2026 நவம்பர் என்று நாள் குறிக்கப்பட்டது. ஆனாலும் ஐரோப்பியச் சலுகை 2029 வரை தொடரும் என்பது ஏற்பாடு.

இதையெல்லாம் வெறும் போட்டி என்று எழுதிவிட முடியாது. கோவை, திண்டுக்கல் மில்களுக்கு பங்களாதேஷ் பெரிய வாடிக்கை. அங்கே தைக்கும் பனியனில் நம் நூலும் உண்டு. 2025 ஏப்ரலில் டாக்கா, இந்திய நூல் தரைவழியே வரத் தடை போட்டது. மே மாதம் தில்லி அவர்களுடைய ஆயத்த ஆடையைத் தரைவழியில் தடுத்து, கொல்கத்தா, நவசேவா துறைமுகங்கள் வழியாக மட்டும் விட்டது. திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்கள் மே உத்தரவை வரவேற்றார்கள். நூல் மில்காரர்களால் அப்படிக் கைதட்ட முடியாது: கடல்வழி இன்னும் திறந்திருக்கிறது, அதையும் டாக்கா மூடினால் தேங்குவது அவர்கள் நூல்.