ஒயின் இல்லாத ஒயின் ஷாப்

திருப்பூரில் ஓர் ஆட்டோவில் ஏறி, "ஒயின் ஷாப்புக்குப் போகணுங்" என்று சொன்னால் டாஸ்மாக் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். அங்கே போய் நிஜமாகவே ஒயின் கேட்டால், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நம்மை ஒரு தரம் ஏற இறங்கப் பார்ப்பார். "பிராந்தியாண்ணா, பீரா?" என்று திரும்பவும் கேட்பார். நமக்குத்தான் சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்ற நினைப்பு அவருக்கு.

இந்தச் சொல் எனக்கு வெகுநாளாக ஒரு புதிர். 2003க்கு முன்னால் தனியார் நடத்திய கடைகளின் பெயர்ப்பலகையில் சாமி பெயரோ மகள் பெயரோ எழுதி, பக்கத்தில் 'ஒயின்ஸ்' என்று போட்டிருப்பார்கள். விற்றதெல்லாம் பிராந்தியும் ரம்மும் விஸ்கியும்தான். சாராயக்கடை என்ற சொல்லில் அடித்த வாடையைத் துடைப்பதற்காக வைத்த மரியாதைப் பெயர் அது என்பது என் எண்ணம். கடை அரசாங்கத்துக்குப் போய் இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. பலகை மாறியும் பெயர் வாயிலேயே தங்கிவிட்டது.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேர் ஊருக்குள் ஒரு ஓட்டல் பாரில் உட்கார்ந்திருந்தோம். ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் நண்பன் இத்தாலி போய் வந்திருந்தான். அங்கே பையர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கே ஒயின் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசுகிறார்கள், நாமும் ஒரு நாள் அப்படி உட்கார வேண்டும் என்பது அவன் ஆசை. சிவப்பு ஒயின் ஒரு பாட்டில் சொன்னான். சர்வர் பாட்டிலோடு ஐஸ்கட்டியும் சோடாவும் கொண்டுவந்து வைத்தார். ஊரில் டையிங் நடத்தும் நண்பன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"மாப்ள, இதென்ரா, புளிச்சுப்போன திராட்சைத் தண்ணியாட்ட இருக்குது?"

"மோந்து பாத்துட்டு, வாய்ல கொஞ்ச நேரம் வெச்சிருந்து குடிக்கோணும்டா."

"நம்ம சரக்க மோந்து பாத்தா குடிக்கவே முடியாதுடா. மூச்சப் புடிச்சுட்டு உள்ள தள்ளித்தான பழக்கம்!"

எல்லோரும் சிரித்தோம். நாலாவது ஆள், காலேஜ் வாத்தியார், மட்டும் சிரிக்கவில்லை. அவன் குடிக்க மாட்டான். எங்களோடு வருவது பட்டாணி சுண்டலுக்கும் பேச்சுக்கும்.

டையிங்காரன் விளையாட்டாகச் சொன்ன அந்த மூச்சைப் பிடிக்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது? அதைத் தேடித்தான் கொஞ்ச நாளாகப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

ருசி பார்க்கத் தெரியாத இனமில்லை நாம். சங்கப் பாட்டில் குடிக்குக் கள், நறவு, தேறல், மட்டு, தோப்பி என்று எத்தனை பேர். தோப்பி வீட்டிலேயே அரிசியில் காய்ச்சியது. மூங்கில் குழாய்க்குள் ஊற்றி முதிரவைத்த தேன்கள் உண்டு, மண்ணில் புதைத்துப் பழுக்கவைத்ததும் உண்டு. குடித்துத் திகட்டியவர்கள் புளிப்புக்காகக் களாப்பழமும் துடரிப்பழமும் தின்றதைப் புறநானூறு சொல்கிறது. இன்றைய பாஷையில் சைடிஷ். அதியமான் இறந்தபோது ஔவை அழுத பாட்டில் முதலில் வருவதே கள்தான்: கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்குக் கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் சேர்ந்து குடித்து மகிழ்வான் என்கிறாள். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வைத்திருக்கிறார் என்பதும் உண்மை. இரண்டும் சேர்ந்ததுதான் நம் மரபு.

ஒயினும் புதுசில்லை. பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் கொண்டுவந்த மணக்கும் மதுவைப் பொன் கிண்ணத்தில் பெண்கள் ஊற்றித் தர அருந்தி இனிது வாழ் என்கிறார். அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது கிடைத்த இரு கைப்பிடி ஜாடிகளின் உடைசல்கள் இந்தப் பாட்டுக்குக் கிடைத்த மண்சாட்சி. கிரேக்கத் தீவான கோஸிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஒயின் அடைத்து வந்த ஜாடிகள் அவற்றில் உண்டு. கோஸ் ஒயினில் கடல்தண்ணீர் கலப்பார்கள். உப்புக்கரிக்கும் ஒயின் என்றதும் டையிங்காரன், "அப்ப ஊறுகா தேவையில்ல" என்றான். கேரளத்தில் பட்டணம் அகழாய்விலும் இதே ஜாடி உடைசல்கள் ஏராளமாகக் கிடைத்தன. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகன் எழுதிவைத்த பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பு, முசிறிக்கு வரும் சரக்குகளில் ஒயினையும் சேர்த்து, 'அதிகமில்லை' என்று குறிக்கிறது. அன்றும் இங்கே அது பெரிய இடத்துப் பானம்தான்.

முசிறியிலிருந்து கிழக்கே வரும் பாதை பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து, நொய்யலை ஒட்டி, கொடுமணல் வழியாகக் கரூருக்குப் போகிறது. பதிற்றுப்பத்து பாடும் கொடுமணம்தான் இது. மணிகள் பட்டை தீட்டிய ஊர், இரும்பு உருக்கிய ஊர். காங்கேயம் பக்கத்துப் படியூரில் பச்சைக்கல் வெட்டினார்கள். அந்தக் கல்லுக்கும் கேரள மிளகுக்கும் ஈடாக வந்த ரோமானிய வெள்ளிக்காசு வெள்ளலூரிலும் உடுமலைப் பக்கம் பூதிநத்தத்திலும் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கிறது. ஆக, இந்த நொய்யல் கரைக்கு இத்தாலிக்காரனோடு வியாபாரம் பழக்கப்பட்ட ஒன்று. 1978இல் வெரோனா என்ற இத்தாலி இறக்குமதியாளர் வெள்ளை டீசர்ட் தேடி திருப்பூருக்கு வந்தது, ஒரு விதத்தில் பழைய பாக்கியைத் தீர்க்க வந்தது மாதிரிதான். (அதே நொய்யலில் ஒயின் நிறத்தில் தண்ணீர் ஓடிய வருஷங்களும் உண்டு. உயர் நீதிமன்றம் 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன கதையை டையிங் நண்பன் முன்னால் நான் எடுப்பதில்லை.)

ஆனால் கொங்கு நாட்டுச் சனம் குடித்தது யவனர் தேறலை அல்ல. பனையிலும் தென்னையிலும் இறக்கியதைத்தான். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே முட்டி. முட்டிக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் காலையில் இறங்குவது தெளுவு, அதாவது மற்ற ஊர்க்காரர்களின் பதநீர். சுண்ணாம்பு தடவாவிட்டால் கள். இந்த ஒரு விரல் சுண்ணாம்பில்தான் சட்டமே நிற்கிறது. கள் சில மணி நேரத்திலேயே புளிக்க ஆரம்பித்துவிடும், மறுநாளைக்கு வைக்க முடியாது, தூரத்துக்கு அனுப்ப முடியாது. இறக்கிய ஊரிலேயே, இறக்கிய நாளிலேயே, கூட நாலு பேரோடு உட்கார்ந்து குடித்தாக வேண்டிய பானம். போதை நூற்றுக்கு நாலு, ஐந்து, ஆறு பங்கு. இன்று டாஸ்மாக் பிராந்திப் பாட்டிலின் மேல் போட்டிருக்கும் எண் 42.8.

வெள்ளைக்காரன் இதிலிருந்து பணம் எடுக்கக் கற்றான். 1886ஆம் வருஷத்து மதராஸ் அப்காரிச் சட்டம் மரத்துக்கு வரி போட்டது, கடையை ஏலம் விட்டது. ஏலம் எடுத்தவன் போட்ட காசை எடுக்க வேண்டுமென்றால் குடிகாரன் எச்சாகக் குடிக்க வேண்டும். அரசு கஜானாவும் ஏழையின் தொண்டையும் ஒரே குழாயில் இணைந்தது அப்போதுதான். அந்தக் குழாய் இன்றுவரை கழற்றப்படவில்லை.

கழற்றப் பார்த்தவர்கள் நம் பக்கத்துக்காரர்கள்தான். 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல். பெரியார் அப்போது காங்கிரஸ்காரர். அவர் சிறைக்குப் போனதும் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் தெருவில் இறங்கினார்கள். கள்ளுக்கு விடக்கூடாதென்று தம் தோப்பின் தென்னை மரங்களையே பெரியார் வெட்டிச் சாய்த்தார். விவசாயி வீட்டில் பிறந்தவனுக்கு இதைப் படிக்கும்போது வயிறு எரியும், மரியாதையும் வரும். ராஜாஜி திருச்செங்கோட்டுப் பக்கம் ஆசிரமம் அமைத்து, மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். கல்கி அதில்தான் வேலை பார்த்தார். 1937இல் ராஜாஜி முதல்வரானதும் அக்டோபர் 1 அன்று சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. காவிரிக்கு அந்தக் கரை வறட்சி. இந்தக் கரையில், கோயமுத்தூர் ஜில்லாவில், கடை திறந்தே இருந்தது.

இங்கேதான் திருப்பூர்க்காரன் நின்று கவனிக்க வேண்டும். கள்ளு வருமானம் போன பள்ளத்தை எப்படி நிரப்புவது? 1939இல் ராஜாஜி பொது விற்பனை வரி கொண்டுவந்தார். பல பொருளுக்கும் சேர்த்து ஒரு மாகாணம் போட்ட இத்தகைய வரி இந்தியாவில் அதுதான் முதல். குடியை விடுவதற்காகத் துணிக்கும் சாமானுக்கும் வரி கட்டுவது என்ற ஒப்பந்தம் அது. இன்று ஜி.எஸ்.டி. தாக்கல் செய்ய ஆடிட்டர் ஆபீசில் உட்கார்ந்திருக்கும் பனியன்காரனின் வரிக்கு, சேலத்தில் மூடிய கள்ளுக்கடையில் ஒரு வேர் இருக்கிறது. பிறகு கடை திரும்பத் திறந்தது. வரியும் போகவில்லை. இரண்டையும் நாம் கட்டுகிறோம்.

1948இல், ஓமந்தூரார் காலத்தில், மாகாணம் முழுக்க மதுவிலக்கு. திருப்பூரில் பனியன் தொழில் வேரூன்றி வளர்ந்த காலமும் ஏறக்குறைய இதுதான். பிறந்ததிலிருந்து கள்ளுக்கடையே பார்க்காத ஒரு தலைமுறை பவர் டேபிளில் உட்கார்ந்தது. 1971இல் கருணாநிதி கடையைத் திறக்க முடிவெடுத்தபோது, தள்ளாத வயதில் ராஜாஜி நேரில் போய் வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். கடைகள் திறந்தன, 1974க்குள் திரும்ப மூடின. 1981இல் எம்.ஜி.ஆர். திறந்தார், 1983இல் மொத்த வியாபாரத்துக்கு டாஸ்மாக் பிறந்தது, 1987 தொடக்கத்தில் கள்ளும் சாராயமும் தடையாயின. சீமைச்சரக்கு மட்டும் நின்றது. 2003 நவம்பரில் ஜெயலலிதா அரசு சில்லறைக் கடைகளையும் டாஸ்மாக் கையில் கொடுத்தது. 2003–04இல் சுமார் 3,600 கோடி ரூபாயாக இருந்த வருமானம் 2023–24இல் 45,000 கோடியைத் தாண்டியது.

இத்தனை திறப்பு மூடல்களில் விழுந்தது எது என்று பார்த்தால், போதை குறைந்தது விழுந்தது, எச்சானது நின்றது. சட்டத்துக்குப் பயந்து குடிக்கிறவன் ஒளித்து வைக்க லேசானதை, கொஞ்சத்தில் ஏறுவதைத்தான் தேடுவான். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோதும் பீர் போய் ஸ்பிரிட் வந்தது இதே கணக்கில்தான். பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், கால் பாட்டில், நின்றபடி இரண்டு மடக்கு. மூச்சைப் பிடித்து உள்ளே தள்ளும் அந்த வித்தையை நமக்குப் பாடமாக்கியதில் சட்டப் புத்தகத்துக்கும் பங்குண்டு என்றே எனக்குப் படுகிறது. செ. நல்லசாமியின் கள் இயக்கம் வருஷக்கணக்காகக் கேட்பதும் இதைத்தான்: 42.8 விற்கலாம், நாலும் ஐந்தும் குற்றமா? இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன அரசாங்கத்தை நான் பார்க்கவில்லை.

இதையெல்லாம் அன்றைக்கு பாரில் வைத்தே கொஞ்சம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். திராட்சைக்கு என்ன குறை, கம்பத்துப் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறதே, கள்ளையும் ஒயினையும் விட்டால் சனம் நிதானமாகக் குடிக்கும் என்றெல்லாம். வாத்தியார் சுண்டலை நகர்த்தி வைத்தான்.

"சாமளாபுரம் ஞாபகம் இருக்குதா?" என்றான்.

எப்படி மறக்கும். பல்லடம் பக்கம், 2017 ஏப்ரல். நெடுஞ்சாலைக் கடைகளை உச்ச நீதிமன்றம் மூடச் சொன்னதும் அவை ஊருக்குள் நகர்ந்தன. புதுக்கடை வேண்டாமென்று பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். ஒரு போலீஸ் அதிகாரி ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே பார்த்தது. ஈரோட்டில் நாகம்மையார் நின்ற அதே இடத்தில், சுமார் நூறு வருஷம் கழித்து, அதே கோரிக்கையோடு நின்றவர்கள்.

"நீ சொல்ற கணக்கெல்லாம் சரிடா. நாலு பர்சன்ட், நாப்பத்திரெண்டு பர்சன்ட். ஆனா அந்தம்மா எந்தக் கணக்குல வருவாங்க?"

அவன் அப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். திருப்பூரில் சம்பளம் வாரக்கூலி, சனிக்கிழமை சாயங்காலம். எண்பதுகளில், சாராயக்கடை திறந்திருந்த வருஷங்களில், அவன் அம்மா இடுப்பில் தங்கச்சியோடு கம்பெனி வாசலில் போய் நிற்பாராம். கவர் அப்பா கைக்குப் போவதற்குள் வாங்கிவிட வேண்டும். சில வாரம் முதலாளியே பார்த்து அம்மாவிடம் கொடுத்துவிடுவார். சில வாரம் அப்பா பின்வாசல் வழியாகப் போய்விடுவார். கேட்டில் கூட நாலைந்து அம்மாக்கள் நின்றிருப்பார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க மாட்டார்கள். பல வருஷப் பழக்கத்தில் இதை அவன் எங்களிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பாட்டிலில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. டையிங்காரன் தனக்கு ஒரு குவார்ட்டர் சொல்லலாமா என்று யோசித்து, சொல்லாமல் விட்டான். மெர்ச்சண்டைசர் தன் கிளாசைச் சும்மா சுழற்றிக்கொண்டிருந்தான், இத்தாலியில் பார்த்ததுபோல. வாத்தியார் கையை நீட்டி அதை வாங்கினான். குடிக்கப் போகிறானோ என்று நாங்கள் பார்த்தோம். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நன்றாக மோந்து பார்த்தான்.

"இது எங்கப்பன் மேல அடிச்ச வாசம் இல்லடா" என்றான். கிளாசைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தட்டு சுண்டல் சொன்னான்.